முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களுக்கு மென்டராக இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

துறையில் ஆறு மாணவர்களை ஒப்படைத்தார்கள், "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று சொல்லியும் ஒருவரும் வரவில்லை என்கிறீர்கள். வரமாட்டார்கள். வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்கு, ஆசிரியரிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்பதே தெரியாது. நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்துக் கொடுங்கள். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அரை மணி நேரம் போதும்.

"ஏதாவது பிரச்சினையா?" என்று ஆரம்பித்தால் "இல்ல சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கால அட்டவணையையும் கடைசியாகத் திருத்திய விடைத்தாளையும் கொண்டு வரச் சொல்லுங்கள். விடைத்தாளை மேசையில் விரித்து, மார்க் போன இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்: பாடம் புரியவில்லையா, கேள்வி கேட்டது என்னவென்று புரியவில்லையா, நேரம் போதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. பாடம் தெரிந்தும் "விளக்குக", "ஒப்பிடுக" என்பவற்றுக்கு ஒரே மாதிரி எழுதி மார்க்கை விடுபவரை இன்னும் அதிகம் படிக்கச் சொல்லிப் பயனில்லை.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்தில், கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் கால்குலஸ் (நுண்கணிதம்) படித்த மாணவர்களைக் கவனித்தார். கறுப்பின மாணவர்களின் உழைப்பில் குறையில்லை; ஆனால் பெரும்பாலோர் தனியாகவே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். அவர் தொடங்கிய பயிற்சிப் பட்டறையில் கொடுத்தவை வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகள். 'வீக் ஸ்டூடன்ட்ஸ் கிளாஸ்' என்ற பெயர் அதற்கு இல்லை. அப்படிப் பெயர் வைத்தால் வரவேண்டியவர்களே வரமாட்டார்கள். நீங்களும் நான்கைந்து பேரை வாரம் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கலாம். ஒவ்வொரு கணக்கையும் முதல் பத்து நிமிடம் தனித்தனியாக முயலட்டும், பிறகு பேசட்டும். இல்லாவிட்டால் ஒருவர் போடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது திருத்தம் சொல்வதில்தான். மனம் நோகக்கூடாதென்று வெறும் பாராட்டு எழுதினால் மாணவர் அதை நம்பமாட்டார். வெறும் சிவப்பு மையோ 'நமக்கு இந்த இடம் சரிப்படாது' என்ற சந்தேகத்தை உறுதிப்படுத்திவிடும். அமெரிக்க உளவியலாளர்கள் ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின மாணவர்களிடம் நன்றாக வேலை செய்தது விமர்சனம், உயர்ந்த தரம், 'உன்னால் எட்ட முடியும்' என்ற உறுதி மூன்றும் சேர்ந்த கருத்துரை. உதாரணமாக இப்படி எழுதலாம்: "இங்கே எதிர்பார்க்கும் தரம் உயர்ந்தது. உன்னால் முடியும் என்பதால்தான் இவ்வளவு திருத்தியிருக்கிறேன். இரண்டாம் பத்தியில் வாதம் இருக்கிறது, ஆதாரம் இல்லை. இரண்டு ஆதாரம் சேர்த்து வெள்ளிக்குள் அனுப்பு." கடைசி இரண்டு வாக்கியங்கள் இல்லையென்றால் முன்னால் சொன்னது வெறும் உபசாரம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகளையும் சொல்லிக் கொடுங்கள். சிபாரிசுக் கடிதம் கேட்பது தப்பில்லை. கடைசி தேதிக்கு மூன்று வாரம் முன்பு, ரெஸ்யூமேயுடன் கேட்க வேண்டும். பேராசிரியருக்கு அனுப்பும் முதல் மெயிலைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத வையுங்கள், நீங்கள் எழுதித் தராதீர்கள்.

பணத்தை மறக்காதீர்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டுப் பட்டம் தருபவை) 2007-இல் தொடங்கிய ஏசாப் (ASAP) என்ற மாணவர் உதவித் திட்டம், ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள் என்று வைத்து, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தையும் பயணச் செலவையும் புத்தகச் செலவையும் ஏற்றது. மூன்று ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் 40 சதவீதம். திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவில் 22 சதவீதம். ஆலோசனை மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உதவித்தொகைக் கடைசி தேதிகளை உங்கள் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

இரண்டு முறை வராவிட்டால் அக்கறையில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் மார்க் குறைந்த வெட்கம், அல்லது பகுதிநேர வேலை. காரணம் கேட்காமல் "புதன் 4 மணிக்கு இருப்பேன், விடைத்தாளோடு வா" என்று அனுப்புங்கள். மனநலச் சிக்கல் என்று தெரிந்தால் நீங்களே வைத்தியம் பார்க்காமல், கவுன்சிலர் அறைவரை கூடவே போங்கள். நடுவில் நீங்கள் மாறிப்போக நேர்ந்தால், புதிய மென்டரோடு ஒரு முறையாவது மூவரும் சேர்ந்து உட்காருங்கள்; பெயர்ப் பட்டியலை மட்டும் கைமாற்றினால் மாணவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பலர் ஆரம்பிப்பதில்லை.