ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுத்தும் குடற்புழு ஏன் ஒழிவதில்லை?

மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் முறையாக மாத்திரை கொடுத்தும் குடற்புழு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை, அன்று குடலில் இருக்கும் புழுக்களை வெளியேற்றுமே தவிர, அடுத்து வரும் தொற்றைத் தடுக்காது. குடற்புழுவில் ஒரு வகையான உருண்டைப்புழுவின் முட்டைகளோ ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில்கூட, உயிர்ப்புடன் கிடக்கும். சாட்டைப்புழு என்ற இன்னொரு வகையிடம் இந்த ஒற்றை வேளை மருந்து அவ்வளவாக எடுபடுவதுமில்லை.

என் பார்வையில் பெரிய ஓட்டை, மருந்து யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதில்தான் இருக்கிறது. குடற்புழு நீக்க முகாம்கள் 1 முதல் 19 வயது வரையிலானவர்களையும், தமிழ்நாட்டில் கூடுதலாக 20 முதல் 30 வயதுப் பெண்களையும் இலக்காகக் கொள்கின்றன. ஆனால் மண்ணிலிருந்து பாதத்தோல் வழியே உடலுக்குள் நுழையும் கொக்கிப்புழு பெரியவர்களிடமும் மிகுதியாகத் தங்குவதால், தோட்டத்திலும் வரப்பிலும் வெறுங்காலுடன் உழைக்கும் ஐம்பது வயதுக்காரர் விடுபட்டுப்போனால், திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் தொடரும் இடங்களில் அந்த மண் வழியாகவே பிள்ளைகளுக்கு மீண்டும் தொற்றும்.

ஊர் முழுவதற்கும் கொடுக்கலாமே என்றால், காலையிலேயே வேலைக்குப் போனவர் வீட்டில் இருப்பதில்லை. நலமாக இருப்பவர் தமக்கெதற்கு மாத்திரை என்கிறார். வாங்கியவர் எல்லோரும் விழுங்குவதுமில்லை (பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் வழங்கிய கணக்கே). ஊர் முழுவதற்கும் மருந்து கொடுக்கும் யானைக்கால் நோய்த் தடுப்பில், மக்கள்தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினர் மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பதும், ஊழியர் கண்முன்னே விழுங்கச் சொல்வதும் இதனால்தான்.