ஸ்டூல் கேட்டால் வேலையை விடச் சொல்கிறார்கள்

கேள்வி: ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை, கர்ப்பமாக இருக்கிறேன், இப்போது ஏழாவது மாதம். எங்கள் மாடியில் ஏ.சி. சரியாக ஓடுவதில்லை. இந்தக் கத்திரி வெயிலில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றால் கால் வீங்குகிறது, கண்ணைக் கட்டுகிறது. ஸ்டூல் கேட்டேன், "முடியலைன்னா வேலையை விட்டு நின்னுக்கோம்மா" என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்வது?
- வாசகி, மதுரை

பதில்: ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. ஸ்டூல் அவர் இரக்கப்பட்டுக் கொடுக்கும் பொருள் இல்லை. கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இடம் வைத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-லேயே திருத்திவிட்டார்கள், பக்கத்துக் கவுண்டர் பெண்ணுக்கும் சேர்த்துத்தான். அதற்கப்புறமும் ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி நின்று கேட்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிகிறது.

இன்னொன்று, பிரசவத் தேதிக்கு முந்தைய பத்து வாரத்தில் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ தரக் கூடாது என்பது 1961-ன் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த விதி. ஆனால் நீங்கள் கேட்டால்தான் அது நடக்கும், அதனால் வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்கப் போகும்போது டாக்டரிடமும் சீட்டு வாங்குங்கள். வெறுமனே 'ஓய்வு தேவை' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. உட்கார்ந்து பார்க்கும் வேலை, மணிக்கொரு முறை குளிர்ந்த இடத்தில் பத்து நிமிடம், பண்டல் தூக்கக் கூடாது என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். பில் கவுண்டருக்கு மாற்றினால் கடைக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், பாத்ரூம் போக விடுகிறார்களா? அடிக்கடி போனால் திட்டுவார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் நிறையப் பேர், வெயிலில் உடம்பு வற்றி, சிறுநீரை அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வந்துவிடுகிறது, கர்ப்பத்தில் அந்தத் தொற்று குறைப்பிரசவம் வரை கொண்டுபோகலாம். அதையும் அந்தச் சீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கவுண்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கால் வீக்கத்தோடு தலைவலி, முகத்திலும் வீக்கம், கண் மங்கல், குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் ஷிஃப்ட் முடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.