முதல் உலகப் போர்: கேளுங்கள், தேதியோடு சொல்கிறேன்

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். என் ஆராய்ச்சி 1914 ஜூலை மாதத்து ராஜதந்திரக் குளறுபடியும், போருக்குப் பிறகு வந்த இழப்பீட்டுக் கணக்கும். இந்த இரண்டிலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். துப்பாக்கி, டாங்கி, விமான மாடல்கள் என் துறை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: எதற்கு எது காரணம் என்று எழுதும் முன் எது முதலில் நடந்தது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பிளஸ் டூ மாணவி: சார், சரயேவோ கொலைதான் உடனடிக் காரணம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு இளவரசரைக் கொன்றதற்காகவா இத்தனை நாடுகள் அடித்துக்கொண்டன?

பதில்: சந்தேகம் நியாயமானது. கொலை நடந்தது ஜூன் 28. ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் முழுசாக ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் அந்த ஒரு மாதத்துக்குள்தான்.

முதலில் இறந்தவர் யார் என்று பாருங்கள். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் முசுடு, யாருக்கும் பிடிக்காதவர். ஆனால் செர்பியா மீது போர் வேண்டாம் என்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் தடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ராணுவத் தலைமைத் தளபதி கான்ராட் வருடக்கணக்கில் செர்பியாவை அடிக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். 1912, 1913 இரண்டு வருடமும் பால்கனில் போர் நடந்தது; அப்போதும் வல்லரசுகள் மோதிக்கொள்ளவில்லை. சரயேவோ குண்டு அந்தத் தடுப்பையே எடுத்துவிட்டது.

ஜூலை 5, 6 தேதிகளில் ஆஸ்திரியத் தூது பெர்லினுக்குப் போனது. என்ன செய்தாலும் துணை நிற்கிறோம் என்று ஜெர்மன் பேரரசர் கைசரும் அவரது பிரதமரும் சொல்லி அனுப்பினார்கள். தொகை எழுதாத காசோலை என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அதை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் உடனே அடித்தார்களா? இல்லை. ஹங்கேரியப் பிரதமர் திஸாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. சிப்பாய்களில் பலர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். பிரெஞ்சு ஜனாதிபதி பீட்டர்ஸ்பர்க்கில் விருந்தாளியாக இருந்தார். அவர் ரஷ்யாவை விட்டுக் கப்பல் ஏறட்டும் என்று காத்திருந்து கொலைப் பழியைச் செர்பியா மீது போட்டு ஜூலை 23 மாலை 6 மணிக்குச் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார்கள். கெடு 48 மணி நேரம்.

25ஆம் தேதி மாலை, கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது செர்பியப் பிரதமர் பாஷிச் பதிலைத் தானே ஆஸ்திரியத் தூதரகத்துக்கு எடுத்துப் போனார். அவசரத்தில் தயாரான பதில், அடித்தல் திருத்தலோடு இருந்தது. பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு விதத்தில் சம்மதம். தங்கள் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணை நடத்துவதற்கு மட்டும் தெளிவான மறுப்பு. தூதர் கீஸல் அதைப் பார்த்தார், உறவு முறிந்தது என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், 6.30 மணி ரயிலைப் பிடித்தார். மூட்டை முடிச்செல்லாம் முன்பே கட்டியாயிற்று. சமாதானத்துக்கு வந்தவர் செய்கிற காரியமா இது?

இன்னும் வேடிக்கை இருக்கிறது. நார்வே கடலில் உல்லாசப் பயணம் போய்த் திரும்பிய கைசர், 28ஆம் தேதி காலையில்தான் செர்பியாவின் பதிலைப் படித்தார். இனிப் போருக்கான காரணமே இல்லை என்று ஓரத்தில் குறித்தார். அன்றைக்கே வியன்னாவிலிருந்து போர் அறிவிப்புத் தந்தி போய்விட்டது.

அப்புறம் எல்லாம் ரயில் அட்டவணை. 30ஆம் தேதி செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. ரஷ்யா மெதுவாகத்தான் திரளும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். ஆகஸ்ட் 1 அன்று மொத்தப் படையையும் கிழக்கே திருப்ப முடியுமா என்று கைசர் கேட்டார். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. லட்சக்கணக்கான ஆட்களின் ரயில் ஏற்பாட்டை ஒரே ராத்திரியில் மாற்ற முடியாதாம். சண்டை மூண்டது செர்பியா விவகாரத்தில், ஜெர்மனி முதலில் பெரிய அளவில் நுழைந்ததோ பெல்ஜியத்தில். பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4 இரவு உள்ளே வந்தது.

தேர்வில் "உடனடிக் காரணம்" என்றே எழுதுங்கள், மதிப்பெண் வேண்டுமே.

சும்மா ஒருவன்: இளவரசரைச் சுட்ட பிரின்சிப் சாண்ட்விச் சாப்பிட நின்ற இடத்தில்தான் கார் வந்ததாமே?

பதில்: சாண்ட்விச் பிற்காலக் கட்டுக்கதை. ஓட்டுநர் வழி தவறித் திரும்பியதும், பிரின்சிப் நின்ற மளிகைக்கடை எதிரில் கார் நின்றதும் உண்மை. பிரின்சிப் அங்கே நின்றது திட்டப்படி, அது இளவரசர் வருவதாக முதலில் அறிவித்திருந்த பாதை.

கரிசல்காட்டான்: அண்ணா, ரகசியக் கூட்டணிகள்தானே எல்லோரையும் இழுத்துவிட்டன?

பதில்: இத்தாலி ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் கூட்டணியில் இருந்த நாடு. 1914இல் ஒதுங்கி நின்றது, 1915 மே மாதம் எதிர்ப்பக்கம் சேர்ந்து ஆஸ்திரியாவை அடித்தது. ருமேனியாவும் அவர்களோடு ரகசிய ஒப்பந்தம் வைத்திருந்தது. 1916இல் எதிரணியில் சேர்ந்தது. யாரையும் எந்தக் காகிதமும் இழுக்கவில்லை. இழுபட விரும்பியவர்கள் காகிதத்தைக் காட்டினார்கள்.

மும்முனை: பிரிட்டன், ஜெர்மனி, ரஷ்யா மூன்று நாட்டு ராஜாக்களும் சொந்தக்காரர்கள்தானே? பேசித் தீர்த்திருக்கலாமே?

பதில்: பேசினார்கள். கைசரும் ரஷ்யப் பேரரசர் ஜாரும் ஆங்கிலத்தில் செல்லப்பெயர் போட்டுத் தந்தி அடித்துக்கொண்டார்கள். ஒரு தந்தியைப் பார்த்து 29ஆம் தேதி இரவு ஜார் முழுப் படைதிரட்டலை நிறுத்தக்கூடச் செய்தார். மறுநாள் மத்தியானம் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சசோனவ் வந்து பேசி மனசை மாற்றினார்.

ஆயுதப் பிரியன்: ஜெர்மன் காலாட்படை ரைபிளின் துல்லியம் எவ்வளவு?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

பொருளாதாரப் புலி: ஐயா, போரின் விளைவைப் பற்றிப் பேசுவோம். போருக்குப் பிறகு ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் ஒப்பந்தம் அந்த நாட்டை நசுக்கியது, பணவீக்கம் வந்தது, ஹிட்லர் வந்தார். நேர்க்கோடு. இதை மறுப்பவர் யாரும் உண்டா?

பதில்: உண்டு, நான்தான். தேதியைப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28. பணம் காகிதமாகப் போனது 1923. நாஜிக் கட்சி 1928 தேர்தலில் வாங்கியது 2.6 சதவீதம், 12 இடம். ஒப்பந்தம் வந்து ஒன்பது வருடம், பணவீக்கம் முடிந்து நாலரை வருடம். உங்கள் நேர்க்கோடு 1928இல் எங்கே போயிற்று?

பொருளாதாரப் புலி: 132 பில்லியன் தங்க மார்க் கேட்டால் எந்த நாடு தாங்கும்? அதைக் கட்டத்தானே நோட்டு அச்சடித்தார்கள்?

பதில்: அந்த 13,200 கோடி 1921 மே மாதம் லண்டனில் போட்ட கணக்கு. மூன்று வகைப் பத்திரங்களாகப் பிரித்தார்கள். முதல் இரண்டும் சேர்த்து 5,000 கோடி. மூன்றாவது வகை 8,200 கோடி. அது வசூலாகும் என்று போட்டவர்களே நம்பவில்லை. ஊர் மக்களிடம் பெரிய எண்ணைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். 1932 வரை ஜெர்மனி உண்மையில் கட்டியது சுமார் 2,000 கோடி.

நோட்டு விஷயமும் முன்பே ஆரம்பித்தது. போர்ச் செலவை வரி போட்டு எடுக்காமல் கடன் பத்திரம் விற்று நடத்தினார்கள். ஜெயித்தால் தோற்றவனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. 1871இல் பிரான்ஸிடம் 500 கோடி பிராங்க் கறந்த அனுபவம் இருந்ததல்லவா. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். லண்டன் கணக்கு வந்த அந்த மே மாதத்திலேயே சுமார் 60. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூரில் நுழைந்ததும், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஜெர்மன் அரசே அச்சு இயந்திரத்தை ஓட்டியது. நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். இழப்பீட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரூருக்குள் படை போனதே இழப்பீட்டுப் பாக்கிக்காகத்தான். ஆனால் இழப்பீட்டைத் தங்கமாகவோ அந்நியப் பணமாகவோ நிலக்கரி மாதிரிப் பொருளாகவோதான் கொடுக்க வேண்டும். மார்க் நோட்டை நேராக நீட்ட முடியாது.

சும்மா ஒருவன்: சபாஷ், சரியான போட்டி. நான் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

பொருளாதாரப் புலி: எண்களை விடுங்கள் ஐயா. போர்ப் பழி முழுவதையும் தலையில் கட்டினார்களே, 231ஆவது பிரிவு! அந்த அவமானம் போதாதா?

பதில்: அதே பிரிவு ஆஸ்திரியா, ஹங்கேரி ஒப்பந்தங்களிலும் அப்படியே இருக்கிறது. அங்கே யாரும் அதைப் பிடித்துக்கொண்டு அழவில்லை. ஜெர்மனியில் வெளியுறவு அமைச்சகமே தனிப் பிரிவு வைத்து, பணம் செலவழித்து, அந்தக் கோபத்தை வளர்த்தது. சரி, கோபம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 1919இலும் இருந்தது, 1928இலும் இருந்தது. ஓட்டு ஏன் 1930இல் வந்தது? 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது, ஜெர்மனிக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கடன் நின்றது. 1930 செப்டம்பர் தேர்தலில் 18.3 சதவீதம், 107 இடம். வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தொட்ட 1932இல், ஜூலை தேர்தலில் 37.3 சதவீதம். அதே ஜூலை 9ஆம் தேதி லொசானில் இழப்பீட்டை ஏறக்குறைய ரத்தே செய்துவிட்டார்கள். ஓட்டுப் போட்டது 31ஆம் தேதி. நெருக்கடி தீர்ந்த இழப்பீட்டுக்காகவா ஓட்டுப் போட்டார்கள்?

பொருளாதாரப் புலி: அப்படியானால் 1930இல் வந்த ஜெர்மன் பிரதமர் புரூனிங் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டியது எதற்கு? எங்களால் கட்ட முடியாது என்று நிரூபித்து இழப்பீட்டை ஒழிக்கத்தானே? அந்த வெட்டுதானே வேலையில்லாதவர்களை ஹிட்லரிடம் தள்ளியது?

பதில்: இதில் சரக்கு இருக்கிறது. இங்கிருந்து நீங்கள் ஆரம்பித்திருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். இழப்பீட்டை ஒழிப்பது புரூனிங்கின் முக்கிய நோக்கங்களில் ஒன்று என்பது உண்மை. ஆனால் அது மட்டுமில்லை: 1923ஐ மறுபடி பார்க்கக் கூடாது என்ற பயம், வெளியில் கடன் கொடுக்க ஆள் இல்லாத நிலை, இரண்டும் இருந்தன. அப்புறம் 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளின் ஓட்டு 33.1க்கு இறங்கியது. இறங்கிக்கொண்டிருந்தவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கூப்பிட்டுப் பதவியில் உட்கார வைத்தார், நாம் இவரைக் கட்டி மேய்த்துவிடலாம் என்று முன்னாள் பிரதமர் பாப்பென் கொடுத்த தைரியத்தில். அந்த அறைக்குள் வெர்சாய் இல்லை.

கிழக்குக் கடற்கரை: எங்கள் தாத்தா சொல்வார், எம்டன் கப்பலில் வந்து சென்னையைக் குண்டு போட்டவர் நம் செண்பகராமன் பிள்ளை என்று. உண்மைதானே சார்?

பதில்: குண்டு விழுந்தது உண்மை. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்தில் கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள். பிள்ளை கப்பலில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. எம்டன் ஜூலை 31 அன்று சீனாவின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பிப் பசிபிக் வழியாக வங்கக்கடலுக்கு வந்தது. அந்தச் சமயத்தில் பிள்ளை சூரிச்சில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குழு நடத்திக்கொண்டிருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். நடுக்கடலில் எப்படி ஏறுவார்? அவர் பெர்லினில் செய்த வேலையே பெருமைக்குப் போதும். கேப்டன் வான் முல்லரின் கப்பலைப் பிடுங்கி அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கிழக்குக் கடற்கரை: ஆதாரத்தை ஆங்கிலேயர் அழித்திருக்கலாமே?

பதில்: கப்பல் ஜெர்மானியருடையது. தப்பி ஊர் திரும்பிய ஜெர்மன் மாலுமிகள் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாலைவனப் பூ: இன்றைய மத்திய கிழக்கு எல்லைகள் எல்லாம் 1916இல் பிரிட்டனும் பிரான்ஸும் ரகசியமாகப் பங்கு போட்ட சைக்ஸ்-பிக்கோ வரைபடம்தானே?

பதில்: அந்த வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். மோசுல் பிரெஞ்சுப் பகுதியில் இருக்கும். இன்றைக்கு அது ஈராக்கில். எல்லைகள் 1920 சான் ரெமோ மாநாட்டிலும் அதற்குப் பிந்தைய பேரங்களிலும் அமைந்தவை. இதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

புதுவரவு: ஐயா, சாண்ட்விச் கதை...

பதில்: மேலே இருக்கிறது.

நாளைய உலகம்: மூன்றாம் உலகப் போர் எப்போது வரும்?

பதில்: ஜோசியரைப் பாருங்கள்.

கொங்கு வாத்தியார்: இந்தியச் சிப்பாய்கள் எத்தனை பேர் போனார்கள்?

பதில்: தொழிலாளர் படையையும் சேர்த்துச் சுமார் 13 லட்சம். இறந்தவர்கள் 74,000க்கு மேல் என்று சொல்வது வழக்கம். பிரான்ஸிலேயே எல்லோரும் சண்டை போட்டதாக நினைக்கிறோம். ஆகப் பெரிய கூட்டம் போனது மெசபொடேமியாவுக்கு. ஊர் திரும்பியவர்களுக்குக் கிடைத்தது 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம், ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக். தேதியைப் பாருங்கள் என்று நான் கத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

பிளஸ் டூ மாணவி: சார், கடைசியாக ஒன்று. ஜெர்மனி 2010 வரை இழப்பீடு கட்டியதாகப் படித்தேன். அப்படியானால் புலி ஐயா சொன்னது சரியா?

பதில்: நல்லவேளை நீங்கள் கேட்டீர்கள். 2010 அக்டோபர் 3 அன்று கட்டிய கடைசித் தவணை நேரடி இழப்பீடு இல்லை. இழப்பீட்டைச் சமாளிக்க ஜெர்மனி 1924இலும் 1930இலும் வெளிநாட்டில் விற்ற கடன் பத்திரங்களின் பாக்கி வட்டி. ஹிட்லர் வந்ததும் அந்தக் கடனைக் கட்டுவதை நிறுத்தினார். 1953இல் லண்டனில் புதிதாக ஒப்பந்தம் போட்டபோது, அதில் ஒரு பகுதி வட்டியை நாடு மறுபடி ஒன்றானால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1990இல் ஒன்றாயிற்று, 20 வருடத்துக்குத் தவணை கட்டினார்கள். பணம் போனது பிரான்ஸுக்கோ பெல்ஜியத்துக்கோ இல்லை, பத்திரம் கையில் வைத்திருந்தவர்களுக்கு. புலி, இதற்கும் பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். நாளைக்கு வகுப்பு இருக்கிறது, சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.