பவர் பேங்க்கை எந்தப் பையில் வைப்பது?

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியிலேயே போடச் சொல்கிறார் டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர். போடலாமா? விமானத்தில் அதைக் கொண்டு போனுக்கு சார்ஜ் ஏற்றலாமா?

பதில்: பெட்டியில் போடவே போடாதீர்கள்; கைப்பையில்தான் வைக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்; உங்களை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பிறகு ஓடி அலைவது நீங்கள்தான், முகவர் அல்ல. லித்தியம் பேட்டரி கேபினில் புகைந்தால் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். கீழே சரக்கு அறைக்குள் யாரும் போக முடியாது.

அளவு பிரச்சினையில்லை. எம்.ஏ.ஹெச்.சை 3.7ஆல் (உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட்) பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-ஹவர், அதாவது பேட்டரி தேக்கும் மின்சக்தியின் அளவு: உங்களுடையது 74. 100 வரை அனுமதி கேட்க வேண்டாம். 30,000 என்றால் 111. விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். யுஎஸ்பி 5 வோல்ட் என்று 5ஆல் பெருக்கிப் பயப்படாதீர்கள்.

என் கவலையெல்லாம் நடைபாதைக் கடைச் சரக்கைப் பற்றித்தான். உள்ளே சின்ன செல்லை வைத்து, மேலே '50,000' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். சோதனையில் படிப்பது ஸ்டிக்கரைத்தான்: கணக்குக்கு 185 வாட்-ஹவர், 160 என்ற உச்ச வரம்பைத் தாண்டியதால் குப்பைக் கூடைக்குப் போகும். எழுத்து அழிந்திருந்தாலும் அதே கதி. வாட்-ஹவரைப் பெரிதாக அச்சிட வைக்க இத்தனை ஆண்டுகளாக ஏன் யாருக்கும் மனம் வரவில்லையோ!

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்க்கால் சார்ஜ் ஏற்றவும் கூடாது, இருக்கையின் யுஎஸ்பியில் அதற்கு சார்ஜ் போடவும் கூடாது. மற்ற நிறுவனங்கள் ஆளுக்கொரு விதி வைத்து, அதையும் இணையதளத்தின் அடியில் புதைத்திருக்கின்றன. போனை வீட்டிலேயே முழுக்க சார்ஜ் செய்துகொண்டு கிளம்புங்கள்.

பலர் மாட்டுவது ஏறும் வாசலில். மேலே இடமில்லை என்று உங்கள் கைப்பையையும் கீழே அனுப்ப வாங்குவார்கள். அந்த நொடியில் அது செக்-இன் பை ஆகிவிடுகிறது! கொடுக்கும் முன் பவர் பேங்க்கை எடுத்துவிடுங்கள். தனியாக ஒரு துணிப்பையில் வைத்திருந்தால் துழாவ வேண்டியதில்லை. பவர் பேங்க்கோடு சாவி, சில்லறை சேர்ந்தால் ஷார்ட் ஆகலாம். உட்கார்ந்ததும் முன் இருக்கையின் பையில் வையுங்கள், மேல் பெட்டியில் வேண்டாம். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் எரிந்தது மேல் பெட்டியில் தொடங்கிய தீயால்தான்.