குழிச்சாலைக்கு எதிராக அனைவரும் சேர்ந்து பாடலாம்

வணக்கம். பெங்களூரில் உங்கள் குடியிருப்புச் சாலை குண்டும் குழியுமாகக் கிடப்பதையும், மனுக்கள் பயனற்றுப்போய் அண்டை வீட்டார் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் கடிந்துகொள்வதையும் எழுதி, இதை நகைச்சுவையாக ஒன்றுசேர்ந்து வெளிப்படுத்த வழியுண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் ஊரிலேயே 2015-இல் ஓவியர் பாதல் நஞ்சுண்டசுவாமி, நீர் தேங்கிய சாலைப் பள்ளத்தில் முதலை உருவமொன்றைக் கிடத்த, பள்ளம் விரைவில் சீரானது. ஆனால் அது ஒரு கலைஞரின் முயற்சி. பிணக்குற்றிருக்கும் உங்களுக்கு அனைவரின் கையும் படும் வேலையே தேவை என்று உறுதியாக நம்புகிறேன்.

டெல்லர்வோ கல்லைனென், ஆலிவர் கோக்டா கல்லைனென் என்னும் கலைஞர் இணையர் 2005-இல் பர்மிங்காமில் தொடங்கிய 'புகார்ப் பாடற்குழு' முறையைப் பாருங்கள். குரல்வளம் இல்லாதவரும் அதில் சேரலாம். ஒவ்வொருவரும் தம் புகாரை எழுதித் தர, அவற்றை வகைப்படுத்திப் பாடலாக்கி, இசை தெரிந்த ஒருவர் மெட்டமைக்க, பயிற்சிக்குப் பின் பொதுவிடத்தில் பாடுகிறார்கள். 2006-இல் ஹெல்சிங்கியில் டிராம் வண்டியின் நாற்றம்கூடப் பாடலில் இடம்பெற்றது. சிறு புகார்களைத் தள்ளிவிடாதீர்கள், சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. தமிழோடு கன்னடத்திலும் வரிகள் அமையட்டும். அண்டை வீட்டாரையோ அதிகாரியையோ பெயர் சொல்லிச் சாடாமல் பள்ளத்தையே பாட்டுடைத் தலைவனாக்குங்கள்.

அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள்; 2008-இல் சிங்கப்பூரில் வெளிநாட்டு உறுப்பினர் பாடக்கூடாதென்ற நிபந்தனையால் குழுவினர் பொது நிகழ்ச்சியையே கைவிட நேர்ந்தது.