பிரக்யான் மாதிரிக்கு வயர் இல்லாத ரிமோட்: எதை வாங்குவது, எங்கே பிழைக்கும்?

தர்மபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். அவரும் தரம் 10 படிக்கும் மகளும் சேர்ந்து, 2023இல் சந்திரயான்-3 நிலவில் இறக்கிய பிரக்யான் ஊர்தியைப் போல ஒன்று செய்திருக்கிறார்கள். பிவிசி குழாயில் கால்கள், பிளைவூட்டில் பெட்டி, அதைச் சுற்றிப் பொன்னிறத் தகட்டுத் தாள். ஆறு சில்லுக்கும் ஆறு 12 வோல்ட் கியர் மோட்டார், ஒரு 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி. இப்போது நீண்ட வயரின் முனையில் இரண்டு சுவிட்சை வைத்து ஓட்டுகிறார்கள். பாடசாலைக் கண்காட்சிக்கு முன் அந்த வயரை எடுத்துவிட வேண்டுமாம். பொம்மைக் காரின் ரிமோட் போர்டைக் கழற்றிப் பூட்டியதில் புகை வந்துவிட்டது. “போனில் ஓட்டுவதா, ரிமோட் வாங்குவதா?” என்பது கேள்வி.

முதலில் அந்தப் புகையைப் பார்ப்போம். பொம்மைக் காரின் போர்டில் இருப்பவை சின்ன மோட்டார் ஒன்றைச் சுற்றுவதற்கான சின்ன டிரான்சிஸ்டர்கள். நீங்கள் ஒரு பக்கத்து மூன்று மோட்டாரையும் ஒன்றாக இணைத்துப் பூட்டியிருப்பீர்கள். ஆகவே பழுது ரிமோட்டில் இல்லை, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் இடத்தில்தான். வயர் இல்லாமல் கட்டளை அனுப்புவது இதில் சுலபமான பாதி. அந்தக் கட்டளையை வாங்கி மோட்டாரைத் தாங்குவதும், கட்டளை வராதபோது தானாக நிற்பதும்தான் வேலை.

மல்டிமீற்றரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு மோட்டாரின் சில்லைக் கையால் இறுக்கிப் பிடித்து, ஓரிரு நொடி மட்டும் கரண்டைப் பாருங்கள். வருகிற எண்ணை மூன்றால் பெருக்கினால் ஒரு பக்கத்தின் உச்சத் தேவை கிடைக்கும். ஆறு சில்லு ஊர்தி சிமெந்துத் தரையில் திரும்பும்போது சில்லுகள் பக்கவாட்டில் உரசி இழுபடும், அப்போது இந்த உச்சத்துக்குக் கிட்டப் போய்விடும். மணலில் அவ்வளவு இல்லை. உங்கள் வளவில் வடிவாக ஓடியது மண்டபத்தில் திணறினால் காரணம் இதுதான்.

கட்டளையை வாங்கி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டாகக் கடைக்காரர்கள் முதலில் எடுத்துத் தருவது எல்298என் என்ற சிவப்பு போர்டு. ஒரு பக்கத்துக்கு 2 அம்பியர்தான் தாங்கும், அதோடு 2 வோல்ட் அளவை வெப்பமாகத் தானே தின்றுவிடும். உங்கள் ஊர்திக்கு வேண்டாம். பிடிஎஸ்7960 போர்டில் இரண்டு வாங்குங்கள், பக்கத்துக்கு ஒன்று. அதன் விளம்பரத்தில் 43 அம்பியர் என்று இருக்கும். நம் வெயிலில், மூடிய பெட்டிக்குள் அதை நம்ப மாட்டேன். 10 அம்பியருக்குள் வைத்திருந்தால் நிம்மதி. பற்றரியின் நேர் முனையில் ஒரு பியூஸும் வெளியே கை எட்டும் இடத்தில் ஒரு சிவப்பு சுவிட்சும் போடுங்கள். பியூஸைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். கையில் காசு குறைவென்றால் போன். நிரல் எழுதி ஏற்றக்கூடிய ஆர்டுவினோ நானோ என்ற சின்ன போர்டோடு எச்.சி-05 (HC-05) புளூடூத் மொடியூல் ஒன்றைப் பூட்டினால் போதும். மொடியூலில் செய்தியை வாங்கும் ஆர்எக்ஸ் கால் 3.3 வோல்ட்டுக்கானது, நானோ தருவதோ 5 வோல்ட். இடையில் ஒரு 1 கிலோ ஓம், ஒரு 2 கிலோ ஓம் தடையை வோல்ட்டைக் குறைக்கும் பிரிப்பானாகப் போட வேண்டும். மொடியூலை நானோவின் 0, 1 பின்களில் பூட்டினால், நிரலை ஏற்றும்போது கழற்றி வைக்க மறக்காதீர்கள். ஐபோனில் இது வேலை செய்யாது, ஆண்ட்ராய்ட் வேண்டும். தூரம் ஏறக்குறைய 10 மீற்றர். வீட்டில் விளையாட இது தாராளம்.

ஆனால் கண்காட்சிக்கு நான் போனை எடுத்துப்போக மாட்டேன். நடுவில் யாராவது அழைப்பார்கள், திரை பூட்டிக்கொள்ளும், அழுத்துகிற இடம் விரலுக்குத் தெரியாததால் கண் ஊர்தியை விட்டுத் திரைக்குப் போகும். என் தெரிவு ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 மாதிரியான ஆறு சனல் ரிமோட். புளூடூத் மொடியூலைவிடப் பல மடங்கு விலைதான், ஆனால் அடுத்த வருடம் மகள் வேறு எதைச் செய்தாலும் அதே ரிமோட் உதவும். அதோடு வரும் ஐஏ6பி ரிசீவர் ஒவ்வொரு சனலுக்கும் துடிப்புகளை அனுப்பும். ரிமோட்டின் குச்சி நடுவில் இருந்தால் துடிப்பின் நீளம் 1500 மைக்ரோ செக்கன், ஒரு எல்லையில் 1000, மறு எல்லையில் 2000. நானோ அதை அளந்து, முன்னோக்குக் குச்சியையும் திருப்பக் குச்சியையும் கூட்டி இடது பக்கத்துக்கும், கழித்து வலது பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். உண்மையான பிரக்யானும் இரு பக்கச் சில்லுகளின் வேக வித்தியாசத்தால்தான் திரும்பியது. குச்சி சரியாக 1500இல் நிற்காது, 1460 முதல் 1540 வரை சுழியம் என்று நிரலில் வைத்துவிடுங்கள்.

மகளிடம் சொல்லி நிரலில் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு வராவிட்டால், அதை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை 0 என்று பதில் தரும். அதை அப்படியே வேகமாக மாற்றினால், 0 என்பது 1000ஐவிடக் கீழே இருப்பதால், ஊர்தி முழு வேகத்தில் பின்னால் பாயும். பின்னால் நிற்பது தரம் 2 பிள்ளைகளாக இருக்கலாம். 900க்குக் கீழோ 2100க்கு மேலோ எது வந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் தொடர்பு அறுந்தாலும் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும், ஆகவே ரிமோட்டின் மெனுவில் ஃபெயில்சேஃப் என்பதற்குள் போய்க் குச்சி நடுவில் இருக்கும் நிலையைப் பதிந்து வையுங்கள். போனில் ஓட்டுவதானாலும் இதே விதிதான். போனிலிருந்து கட்டளையாக வரும் எழுத்து எதுவும் அரை செக்கன் வராவிட்டால் நில் என்று நிரலில் எழுதுங்கள், அழுத்தியிருக்கும் வரை எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஊர்தியைக் கல்லின் மேல் ஏற்றிச் சில்லுகள் அந்தரத்தில் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் தரையில் இறக்க வேண்டாம்.

அடுத்தது அந்தப் பொன்னிறத் தாள். பார்வைக்கு அழகு, ரிமோட்டுக்குச் சத்துரு. உலோகப் பூச்சுள்ள தாளால் நாலு பக்கமும் மூடினால் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை உள்ளே போகச் சிரமப்படும். மேசையில் திறந்து வைத்துப் பார்த்தபோது முற்றம் முழுக்க ஓடியது, மூடியதும் பத்தடியில் நின்றுவிடும். ரிசீவரை உள்ளேயே வைக்கலாம், ஆனால் இரண்டு அன்டனா நுனியும் வெளியே வர வேண்டும். கடைசி 3 சென்ரிமீற்றர் அளவுதான் வேலை செய்யும் பகுதி, அதை வெட்டவோ மடிக்கவோ கூடாது. குளிர்பானம் குடிக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கையாகவும் வையுங்கள். அதை மறைக்கத் தேவையில்லை: பிரக்யானும் தன் அன்டனாவால்தான் விக்ரம் தரையிறங்கியோடு பேசியது, அங்கிருந்துதான் செய்தி பூமிக்கு வந்தது. நடுவர் கேட்டால் மகள் இதைச் சொல்லலாம்.

ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஒரு நொடி ரிமோட் செத்துப் பிழைக்கிறது என்றால், அன்டனாவைத் திட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது வோல்ட் சரிந்து நானோ மறுபடி தொடங்குகிறது. நானோவுக்கும் ரிசீவருக்கும், வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 போர்டு வழியாகத் தனி 5 வோல்ட் கொடுங்கள். பூட்டுவதற்கு முன்னரே மீற்றரை வைத்து 5க்குத் திருகிக்கொள்ளுங்கள், வாங்கி வரும்போது அது எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 1000 மைக்ரோ ஃபரட் கப்பாசிட்டர் ஒன்று, ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 104 எழுதிய சின்ன செராமிக் கப்பாசிட்டர் ஒன்று. எல்லாவற்றின் எதிர் முனையும் ஒன்றாகச் சேர வேண்டும், இது விட்டுப்போனால் மோட்டார் கண்டபடி துடிக்கும்.

வேகத்தைக் கூட்டச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். உண்மையான பிரக்யான் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர்தான் நகர்ந்தது. அவ்வளவு மெதுவாக வேண்டாம், ஆனால் குச்சி முழுதாகத் தள்ளினாலும் அரை வேகத்துக்கு மேல் போகாதபடி நிரலில் பூட்டிவிடுங்கள்.

ரிமோட்டுக்கு நாலு ஏஏ பற்றரி வேண்டும், அல்கலைனாகப் பார்த்து ஒரு மாற்றுத் தொகுதியும் வாங்கி வையுங்கள். ஓட்டத் தொடங்கும்போது ரிமோட்டை முதலில் போட்டுப் பிறகு ஊர்தியைப் போடுங்கள், நிறுத்தும்போது ஊர்தியை முதலில் அணையுங்கள்.