வேகம், தூரம், நேரம்: கணக்காசிரியரிடம் கேளுங்கள்

போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60. சராசரி 50 என்று எழுதினேன். தவறாமே, ஐயா?

தவறுதான். தூரம் 120 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி, வர 2 மணி, 240 கி.மீ.க்கு 5 மணி. சராசரி 48. மெதுவாகப் போனபோது கூடுதல் நேரம் ஆனதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. வேகங்களைக் கூட்டிப் பாதியாக்காதீர்கள்.

மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் 150 மீட்டர் ரயில், 300 மீட்டர் நடைமேடையைக் கடக்க 20 வினாடிதானே?

30. ரயிலின் நீளத்தை விட்டுவிட்டீர்கள். எஞ்சின் நுழைவதிலிருந்து கடைசிப் பெட்டி வெளியேறும்வரை 450 மீட்டர். மணிக்கு கி.மீ.யை வினாடிக்கு மீட்டராக்க 5/18-ஆல் (அதாவது 1000/3600) பெருக்க வேண்டும்; 54-ஐப் பெருக்கினால் வினாடிக்கு 15 மீட்டர். அலகை மாற்றாமல் கணக்கைத் தொடாதீர்கள்.

பாதித் தூரம் 30-இல் போயாயிற்று. மொத்தச் சராசரி 60 ஆக, மீதியை 90-இல் ஓட்டினால் போதுமா?

90-இல் ஓட்டினால் சராசரி 45தான். 60 எந்த வேகத்திலும் வராது.

அதெப்படி? 900-இல் போனால்?

பாதித் தூரம் 1 கி.மீ. என்போம். 60 சராசரியில் 2 கி.மீ.க்கு உங்களுக்குக் கிடைப்பது 2 நிமிடம். முதல் கிலோமீட்டரிலேயே அந்த 2 நிமிடமும் தீர்ந்துவிட்டது. 900-இல் பறந்தாலும் இன்னும் 4 வினாடி ஆகும். சராசரி 58-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வெட்கப்பட வேண்டாம். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதே வகைக் கணக்கை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். நேரம் மிச்சமில்லை என்பது கணக்குப் போட்ட பிறகே தனக்குத் தெரிந்ததாக அவரும் எழுதினார்.

நான் வேறொருவர். சமன்பாடு சரியென்றால் விடை வந்தே தீர வேண்டும். நீங்கள் நழுவுகிறீர்கள்.

மீதித் தூரத்தின் வேகம் x என்று வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள்: 1/30 + 1/x = 2/60. வலப்பக்கமும் 1/30. ஆகவே 1/x = 0. அப்படியொரு x கிடையாது. சமன்பாடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. விடை இல்லை என்று சொல்வதும் அதன் வேலையே.

300 கி.மீ. பயணம், வேகம் 10 கூடினால் 1 மணி நேரம் மிச்சம். x-க்கு 50, -60 என இரண்டு விடை வருகின்றன. -60-ஐ என்ன செய்வது?

தள்ளிவிடுங்கள்; வேகம் 50. ஆனால் அந்த 60 தற்செயலாக வந்ததல்ல. கூட்டிய பிறகு உள்ள வேகம் அதுதான், குறியை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று போடலாமா?

கூடாது. 4/3 மணி. அலகு, அலகு, அலகு!

ஒளியின் வேகத்தை நெருங்கும் விண்கலம்...

இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

போக 20, வர 30. சராசரி 25-தானே?

24. முதல் பதிலைப் படியுங்கள்.